பட்டியலில் பதினைந்தாவது வரி

சென்ற மாதம் ஆபீஸ் பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் என்னைக் கேண்டீன் வாசலில் பிடித்துக்கொண்டார். "மேடம், கம்பைலர் கட்டறதுக்கு ரெண்டு மணி நேரம், டெஸ்ட் ஓட அஞ்சு மணி நேரம். அந்த டெஸ்டை விட்டுட்டா என்ன ஆயிடும்?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். ஒன்றும் ஆகாது என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அனேகமாக எப்போதும் ஒன்றுமே ஆகாது. ஆனால் ஒரு தடவை ஆயிற்று. அதை இப்போது எழுதுகிறேன்.

தமிழில் ஏன் என்று கேட்காதீர்கள். மைசூரில் பிறந்து, கன்னடத்தில் படித்து, ஆங்கிலத்தில் சம்பளம் வாங்கினவள் நான். ஆனாலும் கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். இந்தக் கதையில் கோபம் நிறைய இருக்கிறது, முக்கால்வாசி என் மேலேயே. தமிழ் படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக முதலில் நம் பெட்டியைப் பற்றி. பட்டுப்புழு வளர்க்கும் அறைச் சுவரில் மாட்டுகிற சின்னப் பெட்டி அது. அறை குளிர்ந்தால் ஹீட்டரைப் போடும், சூடு போதும் என்றால் அணைக்கும். காற்று காய்ந்துபோனால் தண்ணீர் தெளிக்கும் மெஷினை ஓட்டும். உள்ளே ஒரு பொடிச் சிப். நாம் எழுதுகிற புரோகிராமை அந்தச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். அதை நாம் யாரிடமும் ரெடிமேடாக வாங்குவதில்லை. சோர்ஸ் கோடு என்கிற அதன் மூல எழுத்திலிருந்து நாமே கட்டி, நாமே இன்ஸ்டால் செய்கிறோம். பெட்டி பத்து வருடம் சுவரில் தொங்கும். பத்து வருடம் கழித்து ஒரு பழுது வந்தாலும் அதே கம்பைலர் நம் கையில் இருக்க வேண்டும். இருபது வருடம் அது என் வேலை. அதில் நான் ராணி. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே கிடையாது.

கட்டி முடித்ததும் கம்பைலரோடு வருகிற ஆயிரக்கணக்கான குட்டிச் சோதனைகளை ஓட்டுவோம். எல்லாம் தேறாது. சிப்பின் மெமரி சிறியது, சில சோதனைகள் அதில் நுழையவே மாட்டா. அப்படி ஒவ்வொரு தடவையும் விழுகிறவை பதினான்கு. அவற்றின் பெயர்களை ஒரு ஃபைலில் பட்டியலாக வைத்திருந்தேன். விழுந்தவையும் பட்டியலும் ஒன்றாக இருந்தால் இன்ஸ்டால் செய்யலாம். ஒரு பெயர் கூடினாலும் காரணம் தெரியும்வரை தொடக்கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளும் நானே, மீறினவளும் நானே.

அது ஒரு அக்டோபர். மைசூரில் விடாத மழை. புதுக் கம்பைலரைக் கட்டிச் சோதனை ஓட்டினால் பதினைந்து விழுந்திருந்தன. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பது பெட்டிகளுக்குப் புரோகிராம் ஏற்ற வேண்டும். பதினைந்தாவதைத் திறந்து பார்த்தேன். சின்ன எண்கள் சிலவற்றை ஒரே நேரத்தில் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுகிற சோதனை. 'இப்படியும் ஒருத்தன் புரோகிராம் எழுதுவானா' என்று முணுமுணுத்தேன். சோதனைகளைச் சிப்பின் மேல் ஓட்ட மாட்டோம், கம்ப்யூட்டருக்குள் சிப் போலவே நடிக்கிற சிமுலேட்டரில் ஓட்டுவோம். அது ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை மக்கர் பண்ணியிருந்தது. பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டேன். பட்டியலில் பதினைந்தாவது வரியாக அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் 'சிமுலேட்டர் தகராறு' என்று குறிப்பும் வைத்தேன். இப்போது விழுந்ததும் பதினைந்து, பட்டியலிலும் பதினைந்து. ஆகா, கச்சிதம்!

அதோடு விட்டேனா? புதுக் கம்பைலரைப் பழையது இருந்த அதே ஃபோல்டரில் இன்ஸ்டால் செய்தேன். பழையது அழிந்தது. தனி ஃபோல்டர் போட அரை நிமிஷம் ஆகியிருக்காது. அத்தனை நம்பிக்கை ஐயா, என் மேல் எனக்கு.

பெட்டிகளை மேஜையில் வைத்து ஓட்டிப் பார்த்தோம். மழைக்காற்றில் ஊறிய அறை, தண்ணீர் மெஷினை ஓட்டவேண்டிய தேவையே வரவில்லை. ஹீட்டர் ஒழுங்காக எரிந்தது, ஒழுங்காக அணைந்தது. எல்லாவற்றுக்கும் பாஸ் போட்டோம்.

இனி மாதேசன். நம் பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுபோய் மாட்டுகிறவர். மார்டள்ளி என்கிற தமிழ் பேசும் மலையோர ஊர்க்காரர், அப்போது நாற்பதைத் தொட்டிருப்பார். ஆபீசுக்குள் என்னை மேடம் என்பார், கேட்டைத் தாண்டினால் அக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிதில் குண்டலுபேட்டையில் ஒரு வீட்டில் ஹீட்டர் ஒயரையும் தண்ணீர் மெஷின் ஒயரையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். மறுநாளே அவராக வந்து சொல்லி, அவராகப் போய்ச் சரிசெய்தார். ஆனால் ஆபீஸ் என்பது அதையெல்லாம் மறக்குமா? பத்து வருடம் கழித்தும் டீ குடிக்கும்போது யாராவது "மாதேசன் சார், இன்னைக்கு எந்த ஒயர் எங்க?" என்று கிண்டல் அடிப்பார்கள். அவரும் சிரித்துவைப்பார்.

தை பிறந்து நல்ல குளிர். காலையில் பல் கிட்டும், பதினொரு மணிக்கு மேல் காற்று அப்பளம் போலக் காய்ந்துவிடும். சாமராஜநகர் பக்கத்தில் ரத்னம்மா என்று ஒரு விவசாயி. நாற்பதில் முதல் பெட்டியை அவர் வீட்டில்தான் மாதேசன் மாட்டினார். நான்காவது முறை தோல் உரித்து முடித்த புழுக்கள், இன்னும் ஒரு வாரத்தில் கூடு கட்டப் போகிறவை. ஒரு மத்தியானம் ரத்னம்மா உள்ளே போனால் அறை கொதிக்கிறது, ஹீட்டர் நிற்கவில்லை. ஒயரைக் கையால் பிடுங்கிப் போட்டு மிச்சத்தைக் காப்பாற்றினார். இரண்டு அடுக்குப் புழு செத்துப்போயிற்று.

புகார் வந்தது. மாதேசன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒயர் சரியாகத்தான் இருக்கிறது என்றார். யார் நம்புவார்கள்? எரியக்கூடாத நேரத்தில் எரிகிற ஹீட்டர், கூடவே ஓடுகிற தண்ணீர் மெஷின். குண்டலுபேட்டையில் நடந்ததேதான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் என்னையும் மாதேசனையும் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, அவசரக்காரர். மேஜையில் இரண்டு காகிதம். ஒன்று மாதேசனை வேலையிலிருந்து நீக்குகிற கடிதம். இன்னொன்று 'மென்பொருளில் பிழை இல்லை' என்று நான் கையெழுத்துப் போடவேண்டிய தாள்.

"உங்க கையெழுத்து விழுந்தா முடிஞ்சது மேடம். மிச்சப் பெட்டியெல்லாம் திங்கக்கிழமை வண்டி ஏறணும்" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். எடுத்தேன் என்ன, என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும் விட்டேன். என் கம்பைலரில் பிழையா? போங்கள்!

"மேடம்" என்றார் மாதேசன். அதுவரை தலையைக் குனிந்தபடி நின்றிருந்தவர். "அந்த ரத்னம்மா ஒண்ணு சொல்லுச்சுங்க. அதைய மட்டும் கேட்டுப்போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"சொல்லுங்க."

"தண்ணி மெஷின் ஓடறப்ப மட்டுந்தான் ஹீட்டரு நிக்க மாட்டீங்குதாம். தண்ணி நின்னுதுன்னா ஹீட்டரும் தன்னால நின்னுக்குதாம். அந்தம்மா ஒயரைத் திரும்ப மாட்டி, ரெண்டு நாளு பக்கத்துலயே நின்னு பாத்திருக்குதுங்க. ஒயரு மாறியிருந்தா எப்பவுமே மாறித்தானுங்களே இருக்கோணும்? தண்ணி ஓடறப்ப ஒண்ணு, ஓடாதப்ப ஒண்ணுன்னு இருக்குமுங்களா?"

மேனேஜர் கையை உதறினார். "ஏதோ ஒரு விவசாயி சொன்னாங்கன்னு..."

நான் பேனாவை மூடி வைத்தேன். அந்த அம்மா சொன்னதில் ஒரு ஓட்டை கூட இல்லை. நம் ஆபீசில் பிழையறிக்கை எழுதுகிற எவரும், என்னையும் சேர்த்து, அவ்வளவு சுத்தமாக எழுதினதில்லை. "சாயங்காலம் நாலு மணி வரைக்கும் டைம் கொடுங்க சார். அதுவரைக்கும் ரெண்டு காகிதமும் இங்கயே கிடக்கட்டும்" என்றேன். வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்.

என் இடத்துக்கு வந்து பட்டியலைத் திறந்தேன். பதினைந்தாவது வரி. 'சிமுலேட்டர் தகராறு.'

விஷயம் இதுதான். அறையின் சூடு வேண்டிய அளவைத் தாண்டினால் கணக்கு மைனஸில் வரும், மைனஸ் வந்தால் சிப் ஹீட்டரை அணைக்க வேண்டும். தண்ணீர் மெஷினுக்கான கணக்கும் கூடவே ஓடும்போது மட்டும், புதுக் கம்பைலர் தந்த கோடு அந்த மைனஸைத் தொலைத்துவிடுகிறது. மைனஸ் இரண்டு என்பது சிப்பின் கண்ணுக்கு இருநூற்று ஐம்பத்து நான்காகத் தெரிகிறது. அடடா, அறை இவ்வளவு குளிரா என்று ஹீட்டரை விடாமல் ஓட்டுகிறது. பதினைந்தாவது சோதனை இதைத்தான் சோதித்தது. அது விழுந்து எனக்குச் சொல்லியும் விட்டது, மூன்று மாதத்துக்கு முன்னாலேயே.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த ஃபைலை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள். அந்த வரியை அழித்துவிட்டு, கம்பைலரைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, பாதிக் கையெழுத்தை முழுக் கையெழுத்தாக்கினால் தீர்ந்தது. ரிட்டயர் ஆக நான்கு மாதம் இருந்தது. ஒரு நிமிஷம் நான் அப்படி நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிறகு எனக்கே என் மேல் அருவருப்பு வந்தது, எழுந்தேன்.

மேனேஜருக்கு வாயால் சொன்னால் போதாது. ஒரே பெட்டி, ஒரே ஒயர், ஒரே புரோகிராம், கம்பைலர் மட்டும் வேறு என்று கண்ணெதிரே காட்டினால்தான் மாதேசன் மேல் ஒட்டிய குண்டலுபேட்டைப் பழி உதிரும். அதற்குப் பழைய கம்பைலர் வேண்டும். அதைத்தான் நான் அழித்துவிட்டிருந்தேனே! பழைய சோர்ஸ் கோடு இருந்தது, உடனே கட்டத் தொடங்கினேன். ஐந்தாவது நிமிஷம் எர்ரர் கொட்டி நின்றது. என் கம்ப்யூட்டரை இடையில் புதுப்பித்திருந்தார்கள், பழைய கோடு அதற்கு ஒத்துவரவில்லை. நாலு இடத்தில் பழைய கோடைத் திருத்தினால் கட்டிவிடலாம். நீங்களாக இருந்தால் அதைத்தான் செய்வீர்கள், எனக்கும் கை பரபரத்தது. செய்யவில்லை. திருத்திக் கட்டினால் அது பழைய கம்பைலர் இல்லை. 'நீங்க மாத்தினதாலதான் வேலை செய்யுது' என்று மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னால் என்னிடம் பதில் இருக்காது.

புதுப்பிக்காத கம்ப்யூட்டர் இந்த ஆபீசில் எங்கே இருக்கும்? சட்டென்று நினைவு வந்தது. கேட் பாஸ் அடிக்கிற செக்யூரிட்டி ரூம்! அந்த மெஷினைப் பார்த்து நான் பண்ணாத கேலி இல்லை. ஓடினேன். மாதேசனும் பின்னாலேயே வந்தார்.

"ஏனு மேடம் இது? வண்டி நிக்குது, பாஸ் யாரு குடுப்பா?" என்று செக்யூரிட்டிக்காரர் எகிறினார்.

"கையால எழுதிக் குடுங்க. நாலு மணிக்கு உங்க மெஷின் உங்களுக்கு."

"கையாலயா! என் எழுத்து எனக்கே புரியாது மேடம்."

"டிரைவருக்குப் புரிஞ்சா போதும், தள்ளுங்க" என்று உட்கார்ந்தேன். அந்த மெஷினில் பழைய கோடு ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் நகரத் தொடங்கியது. மெதுவாகத்தான். ஆனால் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாதேசன் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். செக்யூரிட்டிக்காரர் வெளியே ஒரு லாரிக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மாதேசா, தப்பு உன்னுது இல்ல. என்னுது" என்றேன். பட்டியலையும் பதினைந்தாவது வரியையும் எனக்குத் தெரிந்த எளிய வார்த்தைகளில் சொன்னேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு நாளாத் தூக்கமில்லீங்க்கா" என்றார். "வேலை போறது ஒரு பக்கம். நானே எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லீட்டேனுங்க, ஒருவேளை நாந்தான் மாத்திப்போட்டனோ என்னமோன்னு. கண்ணால பாத்தேன், ஒயரு சரியா இருந்துது. அப்பறமும் எனக்கே எம்மேல நம்பிக்கை இல்லாமப் போச்சுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு மனுஷனைத் தன் கண்ணையே நம்பாமல் ஆக்கிவைத்திருந்தேன், மழை நாளில் சோம்பேறித்தனமாக எழுதிய ஒரு வரியால். "மன்னிச்சுக்கோப்பா" என்றேன்.

"அதைய மேல சொல்லுவீங்களா?"

"சொல்லாம? அதுக்குத்தானே இந்த ஓட்டை மெஷின் முன்னாடி உக்காந்திருக்கேன்."

மூன்று மணி சுமாருக்குப் பழைய கம்பைலர் தயார். இந்தத் தடவை தனி ஃபோல்டரில். நான்கு மணிக்கு மேனேஜர் மேஜையில் அந்த நாற்பதில் ஒரு பெட்டியை ஸ்டோரிலிருந்து எடுத்து வைத்தோம். ஹீட்டருக்குப் பதில் சிவப்பு பல்பு, தண்ணீர் மெஷினுக்குப் பதில் பச்சை பல்பு. ஒயரை மாதேசனே எல்லோர் முன்னாலும் மாட்டினார். ஒவ்வொன்றையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். சென்சாருக்கு எதிரே தலைமுடி காயவைக்கிற மெஷினைப் பிடித்தேன். காய்ந்த சூடான காற்று. பச்சை எரிந்தது. சிவப்பும் எரிந்தது. சூடு ஏறிக்கொண்டே போனது, சிவப்பு அணையவில்லை.

"ஒயரை யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, பழைய கம்பைலர் தந்த புரோகிராமை ஏற்றினேன். மறுபடி அதே சூடான காற்று. பச்சை எரிந்தது. சிவப்பு கொஞ்ச நேரம் எரிந்து, டக்கென்று அணைந்தது.

மேனேஜர் இரண்டு தடவை திரும்பச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பிறகு நீக்குகிற கடிதத்தைக் கிழித்தார். அதற்கு அப்புறம் அவர் சொன்னது நல்ல மனசோடு சொன்னதுதான். "கம்பைலர்ல பிழைன்னு எழுதிடலாம் மேடம். அதை எழுதினவங்க எங்கயோ வெளிநாட்டுல இருக்காங்க. நடுவுல உங்க பேர் எதுக்கு?"

"கம்பைலர் அக்டோபர்லயே சொல்லிடுச்சு சார், எனக்கு உடம்பு சரியில்லைன்னு. கேக்காதவ நான். என் பேரை எழுதுங்க. மாதேசன் மேல தப்பில்லைன்னும் அதே தாள்ல எழுதுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க."

ஒட்டினார்கள். எனக்கு மெமோ கொடுத்தார்கள். இருபது வருடத்தில் வாங்கின ஒரே மெமோ, இன்னும் வீட்டு பீரோவில் இருக்கிறது.

மறுநாள் ரத்னம்மா வீட்டுக்கு நானும் போனேன். போகத் தேவையில்லை என்றார்கள், நான் கேட்கவில்லை. மாதேசன் பழைய கம்பைலர் தந்த புரோகிராமை மாற்றி ஏற்றினார். ரத்னம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கன்னடத்தில் கேட்டார், "தப்பு யாருது?"

மாதேசன் "அது மெஷின்ல..." என்று இழுத்தார்.

"என்னுது" என்றேன்.

ரத்னம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். கத்தவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துவந்து ஹீட்டருக்கு எதிரே போட்டார். "அப்போ அது நிக்கிற வரைக்கும் இங்கயே உக்காரு" என்று சொல்லிவிட்டு முசுக்கொட்டை இலையைப் பரப்பப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். காலியாகக் கிடந்த இரண்டு அடுக்குகள் சரியாக என் கண்ணுக்கு நேரே இருந்தன. காற்று காய்ந்தது, தண்ணீர் மெஷின் சீறத் தொடங்கியது. ஹீட்டர் எரிந்துகொண்டே இருந்தது. என் கம்பைலர் சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வேர்த்துக் கொட்டியது. பிறகு தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போதே ஹீட்டர் டக்கென்று நின்றது. மாதேசன் திரும்பி என்னைப் பார்த்தார். ரத்னம்மா எங்களை நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை, "காபி இருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றார்.

ரிட்டயர் ஆவதற்கு முன்னால் ஒரே ஒரு சட்டம் சேர்த்துவிட்டுப் போனேன். பட்டியலில் புதிதாக ஒரு பெயர் ஏற வேண்டுமானால் கம்பைலர் கட்டுகிறவரின் கையெழுத்து போதாது, மாதேசனின் கையெழுத்தும் வேண்டும். அவருக்குக் கம்பைலர் தெரியாதே என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். தெரியாது, அதனால்தான். அவருக்குப் புரிகிற மாதிரி காரணம் சொல்ல முடியாவிட்டால் உங்களுக்கே காரணம் தெரியவில்லை என்று அர்த்தம்.

என் இடத்துக்கு வந்தவர் ஒருமுறை புதுப் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாராம். மாதேசன் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "இது விழுந்தா யாரு வீட்டு ஹீட்டருங்க நிக்காது?" பதில் தெரியாமல் திரும்பி வந்து இரண்டு நாள் தேடினார். பிழை கிடைத்தது. அந்தப் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

ஆகவே கேண்டீன் வாசலில் கேட்டவரே, டெஸ்டை விட்டுவிடலாமா என்று என்னைக் கேட்காதீர்கள். மாதேசன் திங்கட்கிழமைகளில் ஆபீசில்தான் இருப்பார். அவரிடம் போய்க் கேளுங்கள்.